போன ஜென்மத்துப் பேச்சு: நோட்டு முதலில், ஊர் தேடுவது பிறகு

சோறு ஊட்டும்போது இரண்டரை வயதுப் பிள்ளை, "இது என் வீடு இல்ல, எங்க வீட்டுல பெரிய குதிர் இருக்கு" என்கிறது. உடனே சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போகிறது. "எந்த ஊரு, கேளு கேளு" என்று பிள்ளையைச் சுற்றிக் கூட்டம் உட்கார்ந்துவிடுகிறது. ஆராய உதவக்கூடிய விஷயம் அந்த ஒரு மணி நேரத்திலேயே கெட்டுப்போகும்.

மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் 1960-களில் தொடங்கிய வேலையால் அமெரிக்காவின் வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தில், போன ஜென்மத்தைப் பற்றிப் பேசிய 2,500-க்கு மேற்பட்ட குழந்தைகளின் விவரங்கள் சேர்ந்திருக்கின்றன. பெரும்பாலும் 2 வயதிலிருந்து 5 வயதுக்குள் பேச்சு தொடங்கும், 7, 8 வயதில் மறந்துபோகும். இறந்தவர் யார் என்று தெரிவதற்கு முன்பே எழுதிவைத்த குறிப்பு இருப்பவை நூற்றுக்கு இரண்டுகூடத் தேறாது. போன ஜென்மத்தில் மதுராவில் வாழ்ந்ததாகச் சொன்ன, பேர்போன டெல்லி சிறுமி சாந்தி தேவி விஷயத்திலும், 1935-இல் விசாரணைக் குழு மதுராவுக்குக் கிளம்பும் முன்பே, போன ஜென்மத்துக் கணவர் என்று அவள் சொன்னவர் டெல்லிக்கு வந்து அவளைப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு சொன்னதில் எது நினைவு, எது கேட்டறிந்தது என்று யாராலும் பிரிக்க முடியாது.

ஆகவே முதல் வேலை ஒரு 80 பக்க நோட்டு. பக்கங்களுக்கு எண் போட்டு, பேனாவால் எழுதுங்கள். தேதி, மணி, பக்கத்தில் யார் இருந்தார்கள், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, யாராவது கேள்வி கேட்டார்களா, எல்லாம் வேண்டும். பிள்ளை சொன்னதை அதன் வாய்மொழியிலேயே எழுதுங்கள். மழலையைத் திருத்த வேண்டாம். முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னதையும் விடக்கூடாது. அன்றைக்கே அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, வெளியூரில் இருக்கும், இதில் சம்பந்தமில்லாத ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். தேதிக்கு அதுவே சாட்சி.

கேட்பதானால் "அப்புறம்?", "அங்க என்ன இருந்துச்சு?" என்பதோடு நிறுத்துங்கள். "மன்னார்குடியா, திருவாரூரா?" என்றால் பிள்ளை ஒன்றைப் பிடித்துக்கொள்ளும், மறுநாள் அதையே தானாகச் சொல்லும். தானாகப் பேசாத நாளில் கிளறவே கூடாது.

அடுத்து, செய்தி வீட்டுக்குள் வரக்கூடிய வழிகளை எழுதுங்கள். நடவுக்கு வரும் ஆட்கள், பால்காரர், பாட்டியின் பிறந்த ஊர், டிவி சீரியல், இடுப்பில் தூக்கிப்போன துக்க வீடுகள். பஸ் ஸ்டாப்பில் தொங்கும் கண்ணீர் அஞ்சலி பேனரில் படம், பேர், ஊர், தேதி எல்லாமே இருக்கிறது; வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பெரியவர்களின் பேச்சே போதும். "தாத்தாவே வந்து பொறந்திருக்காரு" என்று தாத்தா பேரையே வைத்திருக்கும் வீட்டில் பிள்ளை பிறந்ததிலிருந்து அவர் கதையைக் கேட்டு வளர்கிறது. நாகப்பட்டினம் பக்கம் ஒரு பிள்ளை "கடல் இழுத்துட்டுப் போச்சு" என்றாலும் அப்படித்தான். 2004 டிசம்பர் 26 அங்கே எல்லா வீட்டிலும் பேசப்படும் நாள்.

டெல்டாவில் பலர் ஏமாறும் இடம் இனிமேல்தான். வாய்க்கால், படித்துறை, அரசமரத்தடிப் பிள்ளையார், மூங்கில் கொல்லை, திண்ணை வீடு: கும்பகோணத்திலிருந்து திருத்துறைப்பூண்டி வரை எந்த ஊருக்கும் இது பொருந்தும். குளத்தில் மூழ்கியது, வயலில் பாம்பு கடித்தது, மோட்டார் கொட்டகையில் ஷாக் அடித்தது போன்ற சாவுகளும் அப்படியே. பேர், உறவுமுறை, வீட்டின் விசித்திரமான ஓர் அம்சம், இவற்றுக்குத்தான் எடை. "பொருந்துகிறது" என்று தோன்றும் ஊர் கிடைத்தால், பிள்ளை சொன்னவற்றின் பட்டியலை வேறு மூன்று ஊர்களிலும் வைத்துப் பாருங்கள். அங்கேயும் பாதிக்குமேல் பொருந்தினால் முதல் ஊருக்குத் தனி மதிப்பு இல்லை. பொருந்தாதவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

விசாரிக்கப் போகிறவருக்குப் பட்டியல் தெரியக்கூடாது. இறந்தவர் வீட்டில் "வீட்டில் யார் யார், என்ன வேலை, எப்படி இறந்தார்" என்று பொதுவாகக் கேட்டு எழுதி வரட்டும். ஒப்பிடுவது இன்னொருவர் வேலை. சொன்ன தேதியை இறப்புச் சான்றிதழோடு சரிபாருங்கள். பிள்ளையின் உடம்பில், இறந்தவரின் காயத்தோடு ஒப்பிடக்கூடிய மச்சமோ தழும்போ இருந்தால், இறந்தவரைத் தேடும் முன்பே ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். காயம் எங்கே என்பதற்குப் பிரேதப் பரிசோதனை அறிக்கைதான் ஆதாரம். உறவினர் ஞாபகம் மச்சத்தைப் பார்த்தபின் அதை நோக்கியே நகரும்.

பிள்ளையைக் கூட்டிப்போய் "அம்மா யாருன்னு காட்டு" என்கிற காட்சி வேண்டவே வேண்டாம். ஊரே கூடி ஒருத்தியைப் பார்க்கும்போது பிள்ளையும் அவளைத்தான் பார்க்கும். மகனை இழந்த தாய்க்கு அது எவ்வளவு பெரிய கொடுமை என்பதையும் யோசியுங்கள். வேறு சாதிக் குடும்பம் என்றாலோ, நிலம், வீடு பங்குத் தகராறு இருந்தாலோ பேச்சு சீக்கிரம் சண்டையாகும். இரு வீட்டுப் பெரியவர்களும் சம்மதிக்காமல் பேரை வெளியே விடாதீர்கள்.

பேசியதற்காகப் பிள்ளையை அடிப்பதோ, மந்திரிக்கக் கூட்டிப்போவதோ கூடாது. தூக்கம் கெட்டு, தண்ணீரைக் கண்டே அலறினால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பேச்சு குறைந்து நின்றால் ஞாபகப்படுத்த வேண்டாம். கடைசியாகச் சொன்ன தேதியை நோட்டில் எழுதிவையுங்கள்.