பொன்வண்டைப் படம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டியவை

பொன்வண்டைக் கிட்டத்தில் எடுத்த படங்கள் பலவற்றில் பச்சை நிறமே தெரிவதில்லை. முதுகில் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் பளீரென்று நிற்கிறது. அந்தப் பொட்டு, ஃபிளாஷின் பிம்பம். பளபளப்பான பரப்பு தனக்கு எதிரே இருக்கும் விளக்கை அப்படியே காட்டிவிடும்.

அதனால் பவரைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். வண்டும் சேர்ந்து இருண்டுவிடும். பொட்டின் அளவு மாறாது. வண்டு இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் கணக்கு. ஃபிளாஷ் தலையில் மாட்டும் சின்ன பிளாஸ்டிக் மூடி இங்கே அவ்வளவாக உதவாது, அதுவும் சின்ன விளக்குதான். லென்ஸைச் சுற்றி மாட்டும் ரிங் ஃபிளாஷ் போட்டால் முதுகில் வளையம் விழும்.

விளக்கைப் பெரிதாகக் காட்ட, ஃபிளாஷுக்கு முன்னால் ட்ரேசிங் பேப்பரோ, பார்சலில் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் ஷீட்டோ போதும். லென்ஸ் முனையிலிருந்து கூரை மாதிரி வளைத்து, வண்டுக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே கொண்டுவாருங்கள். 20 செ.மீ. தள்ளி இருந்ததை 10 செ.மீ.க்குக் கொண்டுவந்தால், வண்டுக்கு அது ஏறக்குறைய இரு மடங்கு அகலமாகத் தெரியும்.

பேப்பரை ஃபிளாஷின் மேலேயே ஒட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஃபிளாஷுக்கும் பேப்பருக்கும் நடுவே இடைவெளி இருந்தால்தான் ஒளி பேப்பர் முழுக்கப் பரவும். பரவியதா என்று பார்க்க, வண்டு இருக்கும் தூரத்தில் ஒரு எவர்சில்வர் ஸ்பூனை வைத்துப் படம் எடுங்கள். அதில் தெரியும் பிம்பத்தின் நடுவில் மட்டும் வெளுத்து, ஓரம் மங்கலாக இருந்தால் உள்ளே இன்னொரு பேப்பர் வேண்டும். காட்டுக்குப் போகும் முன் வீட்டிலேயே இதைச் செய்துவிடுவது நல்லது.

அப்புறம், பளபளப்பை முழுக்க ஒழிக்கவும் கூடாது. அந்தப் பச்சை சாயம் அல்ல. மேலோட்டின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் நிறம். லென்ஸிலும் ஃபிளாஷிலும் போலரைசரை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் ஃபில்டர்) ஒன்றுக்கொன்று குறுக்காகப் போட்டுப் பிரதிபலிப்பை அழித்தால் நிறமும் செத்துவிடும். நாலாபுறமும் வெள்ளை சூழ்ந்தாலும் முதுகின் வளைவு தட்டையாகிவிடும். ஒரு பக்கம் இருட்டாக விடுங்கள்.

அசையாமல் இருக்கட்டும் என்று வண்டை ஃபிரிட்ஜில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். விடியற்காலைக் குளிரில் அது தானாகவே மந்தமாகத்தான் இருக்கும். பேப்பர் கூரையைக் கிட்டே கொண்டுபோக அதுவே நல்ல நேரம்.