இடுப்பில் துப்பாக்கி, அடுத்த மாநிலத்து எல்லை: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

டெக்சாஸில் இறங்கிய முதல் வாரம். டாலஸ் பக்கம் ஒரு மளிகைக் கடையில் பால் கேனும் தயிர் டப்பாவும் எடுத்துக்கொண்டு பில் போட நின்றேன். முன்னால் நின்றவர் அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். இடுப்பில் கறுப்பாக ஒரு கைத்துப்பாக்கி. ஊரில் நான் கிட்டத்தில் பார்த்த ஒரே துப்பாக்கி, பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியின் இரட்டைக்குழல்தான். கால் தானாகப் பின்வாங்கியது. கல்லாவில் இருந்த அம்மாவோ அவரிடம் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

இப்படி வெளியே தெரிகிற மாதிரி துப்பாக்கி வைத்துக்கொள்வதை இங்கே ஓப்பன் கேரி என்கிறார்கள். சட்டைக்குள் மறைத்து வைத்தால் கன்சீல்டு கேரி. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்து, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை எதுவும் இல்லாதவர், பர்மிட் வாங்காமலே உறையில் போட்டு இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம். அதைப் பார்த்ததும் 911 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டியதில்லை. உறையிலிருந்து வெளியே வந்து யார் பக்கமாவது நீண்டால் மட்டும் முதலில் ஓடுங்கள், அப்புறம் அழையுங்கள். துப்பாக்கியை வெளியே தெரிய வைத்துக்கொண்டு வருவதை விரும்பாத கடைகள் வாசலில் பெரிய எழுத்தில், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், 30.07 என்ற சட்டப்பிரிவு எண்ணோடு பலகை வைத்திருக்கும். 2019-ல் எல் பாசோ கடையில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, துப்பாக்கியை வெளியே தெரிய மாட்டிக்கொண்டு வர வேண்டாம் என்று வால்மார்ட் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

ஓராண்டு போனதும் நம் ஆட்களுக்கும் ஆசை வரும். "இவ்வளவு சுலபமா? நாமும் ஒன்று வாங்கி வைத்தால் என்ன?" அங்கேதான் நிதானிக்க வேண்டும்.

முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள்

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 என்று குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் என்னும் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். வாங்குவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே குற்றம். டெக்சாஸ் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது மாறாது. 2022-க்குப் பிறகு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. சிலர் அதற்காகவே ஒரு வேட்டை உரிமம் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். சட்டத்தில் இடம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் காகிதத்தை நம்பி இறங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுங்கள்.

நம்மவர்கள் தெரியாமல் மாட்டக்கூடிய இடம் ஷூட்டிங் ரேஞ்ச். ஆபீஸில் டீம் அவுட்டிங் என்று கூட்டிப் போவார்கள். வாடகைத் துப்பாக்கி, காதடைப்பான், கண்ணாடி எல்லாம் கொடுத்து ஒரு படிவத்தை நீட்டுவார்கள். எல்லாரும் கையெழுத்துப் போடுகிறார்களே என்று நாமும் போட்டுவிடுவோம். பத்து நிமிடம் சுட்டாலும் துப்பாக்கி உங்கள் கையில் இருந்தது இருந்ததுதான். ஃபுளோரிடாவில் எஃப்-1 விசாவில் படிக்க வந்து, கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட மாணவர் ஒருவர் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டதில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019-ல் வந்த அந்த ரெஹைஃப் தீர்ப்பு, தன் குடியேற்ற நிலை அந்த நபருக்குத் தெரிந்திருந்தது என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்றது. நமக்கு அது எந்த அளவுக்கு உதவும்? எதுவரை தங்கலாம் என்று சொல்லும் ஐ-94 பதிவின் தேதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவர்கள் நாம்.

கிரீன் கார்டு வந்துவிட்டால் வாங்கலாம். கடையில் 4473 என்ற படிவம் நிரப்பி, உங்கள் ஏலியன் நம்பரைக் கொடுத்து, பின்னணிச் சோதனை முடிந்து வாங்குவது சட்டப்படி சரி. ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக்கூடாது. துப்பாக்கிச் சட்டத்தை மீறித் தண்டனை பெற்றால் குடிமகனுக்கு ஜெயிலோடு போகும். கிரீன் கார்டுக்காரருக்கு அதுவே நாடு கடத்துவதற்கான காரணம். இனி நான் சொல்லும் ஒவ்வொரு மாநில எல்லையையும் இதை மனதில் வைத்துக்கொண்டு கடந்து பாருங்கள்.

டாலஸிலிருந்து எடிசனுக்கு

டெக்சாஸ் டிரைவிங் லைசென்ஸை ஐம்பது மாநிலங்களும் ஒப்புக்கொள்ளும். துப்பாக்கி பர்மிட்டை அப்படி ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் எந்த மாநிலத்துக்கும் இல்லை. யாருடைய பர்மிட்டை ஏற்பது என்று ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்கிறது. 2022-ல் வந்த உச்ச நீதிமன்றத்தின் புரூவன் தீர்ப்பு நியூயார்க்கின் பர்மிட் விதியைத் தகர்த்தது. அதனால் இனி எங்கும் கொண்டு போகலாம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம்.

டாலஸில் இருப்பவர் நியூ ஜெர்சியின் எடிசனில் இருக்கும் மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் காரில் கிளம்புகிறார் என்று வையுங்கள். ஆர்கன்சாஸ், டென்னசி வரை இடுப்பில் துப்பாக்கி பெரிய விஷயமில்லை. வர்ஜீனியாவில் வெளியே தெரிய வைப்பதற்கு ஒரு விதி, மறைப்பதற்கு வேறு விதி. ஐ-81 நெடுஞ்சாலை மேற்கு வர்ஜீனியாவின் ஓரத்தைத் தொட்டுவிட்டு மேரிலாந்துக்குள் நுழையும். அங்கே அந்தச் சாலை வெறும் 12 மைல்தான். பின் சீட்டில் பிள்ளை ஒரு சிப்ஸ் பாக்கெட்டைக் காலி செய்வதற்குள் முடிந்துவிடும். ஆனால் மேரிலாந்து வேறு எந்த மாநிலத்து பர்மிட்டையும் ஏற்காது. அந்தப் பன்னிரண்டு மைலில் போலீஸ் நிறுத்தினால், டெக்சாஸில் சாதாரணமாக இருந்த அதே இடுப்பு இப்போது குற்றவாளியின் இடுப்பு.

பென்சில்வேனியாவில் இன்னொரு விசித்திரம். அந்த மாநிலத்தின் பெரும்பாலான ஊர்களில் துப்பாக்கியை வெளியே தெரிய மாட்டிக்கொண்டு பர்மிட் இல்லாமலே நடக்கலாம். அதே துப்பாக்கியோடு காரில் ஏறி உட்கார்ந்தால் பர்மிட் வேண்டும். நடக்கிறவருக்குச் சரி, கதவைத் திறந்து உட்காருகிறவருக்குத் தப்பு.

அப்புறம் டெலவேர் ஆற்றுப் பாலம் தாண்டினால் நியூ ஜெர்சி. இங்கேதான் கதை மாறுகிறது. வெளிமாநில பர்மிட் எதுவும் செல்லாது. பர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கியோடு பிடிபட்டால் இரண்டாம் நிலைக் குற்றம். அந்த மாநிலத்தின் கிரேவ்ஸ் சட்டப்படி பரோலுக்கு முன் குறைந்தது 42 மாதம் உள்ளே இருக்க வேண்டி வரும். 2013-ல் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஒரு தாய் பென்சில்வேனியா பர்மிட்டோடு இந்த எல்லையைக் கடந்து, சாதாரண போக்குவரத்துச் சோதனையில், தன்னிடம் துப்பாக்கி இருப்பதைத் தானே போலீஸிடம் சொல்லிக் கைதானார். 2015-ல் அப்போதைய நியூ ஜெர்சி ஆளுநர் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கிய பிறகே அந்த வழக்கு ஓய்ந்தது.

டிக்கி விதி

கூட்டரசுச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. 1986-ல் வந்தது. புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உங்களுக்கு உரிமை இருந்தால், நடுவில் உள்ள மாநிலங்களைக் கடந்து போகலாம். தோட்டா கழற்றியிருக்க வேண்டும். துப்பாக்கியும் தோட்டாவும் உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்டாத இடத்தில், அதாவது டிக்கியில் இருக்க வேண்டும். டிக்கி தனியாக இல்லாத வண்டியானால் பூட்டிய பெட்டிக்குள். க்ளவ் பாக்ஸும் நடு கன்சோலும் பூட்டியிருந்தாலும் கணக்கில் வராது. நம் வீடுகளில் நிற்பது பெரும்பாலும் ஒடிசி, சியன்னா மாதிரி மினிவேன்தான், எனவே பூட்டுப் பெட்டி இல்லாமல் இந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது.

கவனியுங்கள், இது கடந்து போகிறவருக்கான சட்டம். இடுப்பில் மாட்டிக்கொண்டு போகிறவருக்கு இதில் ஒன்றுமில்லை. போய்ச் சேரும் இடமே எடிசன் என்றாலும் இது கைகொடுக்காது. நடுவில் தங்கினாலும் சிக்கல். 2005-ல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்கு விமானத்தில் போனவர் ஒருவர் நியூ ஜெர்சியின் நியூவர்க்கில் அடுத்த பயணத்தைத் தவறவிட்டார். பூட்டிய துப்பாக்கிப் பெட்டி இருந்த பையை வாங்கிக்கொண்டு ஓட்டலில் இரவைக் கழித்தார். மறுநாள் காலை விமான நிலையத்தில் முறைப்படி அறிவித்தபோதே கைது. அந்த இரவில் பெட்டி அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததால் கூட்டரசுப் பாதுகாப்பு பொருந்தாது என்று 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதற்குத் தனிக் கூட்டரசுத் தடை உண்டு. அந்த மாநிலமே கொடுத்த பர்மிட் இருந்தாலோ, தோட்டா கழற்றிப் பூட்டிய பெட்டிக்குள் இருந்தாலோ விலக்கு உண்டு. பர்மிட் வேண்டாம் என்று சொல்லும் மாநிலத்திலும் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். தபால் நிலையத்தில் பார்க்கிங்கில்கூடக் கூடாது. தேசியப் பூங்காக்களில் 2010 முதல் அந்தந்த மாநிலச் சட்டம் செல்லும், ஆனால் உள்ளே இருக்கும் அலுவலகக் கட்டடங்களுக்குள் கொண்டு போகக்கூடாது.

போலீஸ் வண்டி பின்னால் விளக்கடித்தால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். இரவானால் உள்விளக்கைப் போடுங்கள். இரண்டு கையும் ஸ்டீயரிங் மேலே. லைசென்ஸை எடுக்கக் குனியாதீர்கள். துப்பாக்கி இருப்பதை நாமே சொல்ல வேண்டுமா, கேட்டால் சொன்னால் போதுமா என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சொல்வதானால் கையை அசைக்காமல் சொல்லுங்கள்.

அம்மா அப்பா பி-2 விசாவில் வந்திருக்கும் மாதங்களில் இன்னும் ஒரு படி கவனம் தேவை. அவர்களும் மேலே சொன்ன தடைக்குள் வருகிறவர்கள். "இதைக் கொஞ்சம் பிடிங்கப்பா" என்று பெட்டியை மடியில் வைக்கவே கூடாது. சாவி உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.

அப்பா அம்மா வந்தால் நயாகரா போகாமல் இருக்க மாட்டோம். துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். நியூயார்க் மாநிலத்தில் ஓப்பன் கேரி என்பதே கிடையாது, கைத்துப்பாக்கி வைத்திருக்கவே அந்த மாநில உரிமம் வேண்டும். அதோடு, அருவிக்குப் போகும் சாலையில் தவறான லேனில் மாட்டினால் நேரே ரெயின்போ பாலம், மறுகரையில் கனடா. "அமெரிக்காவின் கடைசி எக்ஸிட்" என்று ஒரு பலகை வரும். ஜிபிஎஸ் பேசுவதையும் பின் சீட்டில் அம்மா எலுமிச்சை சாதம் வேண்டுமா என்று கேட்பதையும் கேட்டுக்கொண்டே ஓட்டினால், அந்தப் பலகை கண்ணில் படாமலே போய்விடும்.