இருக்கட்டும்: மூச்சோடு பத்து நிமிடம் உட்காரும் முறை

22 ஆண்டுகளாக மெய்ப்பு பார்ப்பதுதான் என் தொழில். ஒரு பக்கத்தைக் கையில் எடுத்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்தான். விட்டுப்போன ஒற்று, ழகரம் இருக்க வேண்டிய இடத்தில் ளகரம், இரண்டு முறை விழுந்த சொல், இவைதான் முதலில் கண்ணில் படும். 43 வயதில் என் தூக்கம் கெட்டது. விளக்கை அணைத்த பிறகும் கண்ணுக்குள் பக்கங்கள் ஓடிக்கொண்டிருக்கும். கழுத்தும் தோளும் எந்நேரமும் இறுகிக் கிடக்கும். மருத்துவர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, கோளாறு ஏதுமில்லை, மனத்துக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள் என்றார். தியானத்துக்கு நான் வந்தது அப்படித்தான்.

முதல் நான்கு மாதங்கள் ஒருநாள் விடாமல் உட்கார்ந்தேன். ஒவ்வொரு நாளும் உட்கார்ந்ததைவிடக் களைப்பாக எழுந்தேன். காரணம் பிடிபட வெகுநாள் ஆனது. மூச்சைக் கவனிக்கச் சொல்லியிருந்தார்கள். நானோ மூச்சுக்கு மெய்ப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மூச்சு குட்டை, இதில் ஆழம் போதாது, இதோ ஓர் எண்ணம் நுழைந்துவிட்டது, அடித்துவிடு. பத்து நிமிடமும் கையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். திருத்துவதை விட்ட பிறகுதான் என் தோள் தானாக இறங்கியது. அதை எப்படி விடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மெய்ப்பு பார்க்காதவர்களுக்கும் இது பொருந்தும். தன்னையே சதா திருத்திக்கொண்டிருக்கும் பழக்கம் நம்மில் நிறைய பேருக்கு உண்டு.

முதலில் எதிர்பார்ப்பைச் சரி செய்துகொள்வோம். யோக மரபில் எட்டு அங்கங்கள் சொல்லப்படுகின்றன: இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. தியானம் ஏழாவதாக வருகிறது. அதற்கு முன்னால் உடம்பு நிலைகொள்ள வேண்டும், மூச்சு சீராக வேண்டும், புலன்கள் உள்ளே திரும்ப வேண்டும், மனம் ஓரிடத்தில் நின்று பழக வேண்டும். தியானம் செய்கிறேன் என்று நாம் உட்காரும்போது பெரும்பாலும் நடப்பது தாரணைதான், மனத்தை ஒன்றில் நிறுத்திப் பார்க்கும் முயற்சி. அதில் குறை ஒன்றுமில்லை. உடம்பு தளரவும் மனம் சற்று ஆறவும் அதுவே போதும். முதல் வாரமே எண்ணமற்ற நிலை வந்துவிட வேண்டும் என்று மட்டும் உட்காராதீர்கள்.

உட்காரும் விதம்: கைப்பிடி இல்லாத சாதாரண நாற்காலி போதும். நான் இன்றும் அதில்தான் உட்காருகிறேன். முன்பாதியில் உட்காருங்கள், முதுகைச் சாய்க்க வேண்டாம். இரண்டு பாதங்களும் முழுதாகத் தரையில் பதியட்டும். இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தால் முதுகெலும்பு சிரமமில்லாமல் நிமிரும். அதற்காக ஒரு துண்டை நாலாக மடித்து அடியில் வைத்துக்கொள்கிறேன். தரையில் சம்மணமிட்டு உட்காருபவர்களுக்கும் இதே கணக்குதான், தலையணையோ மடித்த போர்வையோ இடுப்புக்கு அடியில். கை தொடைமேல். மோவாய் லேசாக உள்ளே. கண்ணை மூடலாம், மூடினால் படபடப்பு வருகிறது என்றால் பாதி திறந்து, மூன்று நான்கு அடி தள்ளித் தரையைப் பாருங்கள். கால் மரத்துப்போனால் மாற்றிக்கொள்ளுங்கள். நரம்பு அழுந்துவதால்தான் மரக்கிறது, அதைப் பொறுத்துக்கொண்டு உட்காருவதில் எந்தப் பயனும் இல்லை.

நேரம், பத்து நிமிடம். எந்த நேரம் என்பது உங்கள் விருப்பம். என் அனுபவத்தில் கைப்பேசியை அன்று முதல்முறை பார்ப்பதற்கு முன்னால் உட்காருவது நல்லது. எனக்கு அது காலை ஐந்தரை. அலாரத்துக்குக் கைப்பேசி வேண்டும்தான். ஃப்ளைட் மோடில் போட்டு, மெல்லிய ஒலி வைத்து, முதுகுக்குப் பின்னால் வைத்துவிடுங்கள். எதிரே இருந்தால் ‘இன்னும் எவ்வளவு நேரம்’ என்று கண் தேடும்.

இப்போது மூச்சு. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

உட்கார்ந்ததும் முதல் மூன்று மூச்சுகளை மட்டும் வேண்டுமென்றே விடுங்கள். மூக்கால் இயல்பாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக, அவசரமில்லாமல் வெளியே விட வேண்டும். உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமெடுக்கும், வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் என்ற நரம்பு அதைச் சற்று மெதுவாக்கும். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு நிதானமாக மூச்சுவிட்டால் பலருக்கு இந்த வித்தியாசம் விரலுக்கே தெரியும். ஆக, ஓய்வு என்பது வெளிமூச்சோடு சேர்ந்து வருகிறது. இதை விரலால் தொட்டு அறிந்த நாளிலிருந்து நான் வெளிமூச்சை மட்டும்தான் எண்ணுகிறேன்.

மூன்று மூச்சு முடிந்ததும் கட்டுப்பாட்டை விட்டுவிடுங்கள். நீளமோ குட்டையோ, அது எப்படி வருகிறதோ அப்படி வரட்டும். ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் மனத்துக்குள் ஓர் எண். ஒன்று முதல் பத்து வரை, பிறகு மீண்டும் ஒன்று. மூச்சை மூக்கு நுனியில் உணரலாம், வயிறு தாழ்வதிலும் உணரலாம். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு மாதம் மாற்றாமல் இருங்கள். படபடப்பு அதிகம் உள்ளவர்களுக்கு வயிறு பொருந்தும் என்பது என் எண்ணம். கழுத்துக்கு மேலேயே நாளெல்லாம் வாழ்ந்த எனக்கு அதுதான் உதவியது.

எண்ணிக்கை தவறும். கட்டாயம் தவறும். மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் நேற்றைய பேச்சு ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்னொரு விதமாகவும் தவறும்: திடீரென்று பார்த்தால் 17 என்று எண்ணிக்கொண்டிருப்போம். வாய் எண்ணியிருக்கிறது, நாம் அங்கே இல்லை. 2010இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஹார்வர்ட் பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர்கள் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் சுமார் 2,250 பேரிடம், அன்றாட வேலைகளுக்கு நடுவே அவ்வப்போது கைப்பேசி வழியாக, இந்தக் கணத்தில் உங்கள் மனம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். 46.9 சதவீதம், அதாவது ஏறத்தாழப் பாதி முறை, மனம் செய்கிற வேலையை விட்டு வேறெங்கோ இருந்தது. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குப் பெரிய ஆறுதல். அலைவது என் தனிக் குறை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

சரி, தவறியதும் என்ன செய்வது? இங்கேதான் என் தொழிலே எனக்குக் கைகொடுத்தது. மெய்ப்பு பார்க்கும்போது சில நேரம் சரியான சொல்லைப் பிழை என்று அடித்துவிடுவோம். பிறகு தெரியவந்தால் அதற்கென்று ஒரு குறி உண்டு. அடித்த சொல்லின் கீழே புள்ளிகள் வைத்து, பக்க ஓரத்தில் ‘ஸ்டெட்’ என்று எழுதுவோம். அது லத்தீன் சொல், இருக்கட்டும் என்று பொருள். எத்தனையோ ஆயிரம் முறை எழுதிய குறி அது. ஒருநாள் காலை, வழக்கம்போல ஓர் எண்ணத்தை மனத்துக்குள் அடிக்கப்போன நேரத்தில், அந்தச் சொல் தானாக வந்தது. இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த வெளிமூச்சுக்குப் போனேன். எண்ணம் அங்கேயே இருந்தது. ஆனால் அதோடு எனக்கு வேலை இல்லாமல் போனது. கொஞ்ச நேரத்தில் அது எப்போது போனது என்றே தெரியவில்லை.

நீங்களும் இதையே செய்து பாருங்கள். மனம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நொடியில் ‘இருக்கட்டும்’ என்று ஒருமுறை, உள்ளுக்குள், மெதுவாக. பிறகு அடுத்து வரும் வெளிமூச்சு ‘ஒன்று’. விட்ட இடத்தைத் தேட வேண்டாம். எத்தனை முறை தவறினோம் என்ற கணக்கும் வேண்டாம். சொல்லும் தொனி முக்கியம். சலிப்போடு ‘சரி, இருந்து தொலை’ என்று சொன்னால் அதுவும் ஓர் அடித்தல்தான். தூங்கும் குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுக்காமல் விட்டுவிட்டு வருவோமே, அந்தத் தொனி.

இது எல்லாவற்றுக்கும் போதாது. ஒருமுறை எனக்கு வர வேண்டிய கூலியை ஒருவர் மாதக்கணக்கில் இழுத்தடித்தார். அந்த நாள்களில் உட்கார்ந்தாலே அவரோடு மனத்துக்குள் வாக்குவாதம் தொடங்கிவிடும். நூறு முறை இருக்கட்டும் சொன்னாலும் நகராது. அப்படிப்பட்ட கோபத்துக்கு வேறு வழி தேவைப்பட்டது. வாக்குவாதத்தை விட்டுவிட்டு, கோபம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடினேன். தாடையில் இருந்தது, மேல்வயிற்றில் கல்போல இருந்தது. வெளிமூச்சை அந்த இடத்துக்கு அனுப்புவதாக நினைத்துக்கொண்டு, எண்ணாமல், பத்துப் பதினைந்து மூச்சு. தாடை தளர்ந்ததும் வாக்குவாதத்தின் குரலும் தணிந்தது. அன்றைக்குப் பதினோரு மணிக்கு அவரை அழைத்துப் பணத்தைக் கேட்கவும் செய்தேன். கேட்க வேண்டியதைக் கேட்காமல் தியானத்தில் கரைத்துவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். அப்படிச் செய்தால் அது மறுநாள் காலை திரும்ப வந்து உட்காரும்.

சத்தம் வந்தால், வாசல் கதவோ மோட்டாரோ, மூன்று மூச்சுக்கு அந்தச் சத்தத்தையே கேளுங்கள், பிறகு எண்ணுக்குத் திரும்புங்கள். தூக்கம் வந்தால் கண்ணைத் திறந்துகொள்ளுங்கள், அல்லது எழுந்து நின்றே எண்ணுங்கள். தினமும் தூக்கம் வருகிறது என்றால் உடம்பு தூக்கத்தைத்தான் கேட்கிறது, அதைக் கொடுத்துவிடுங்கள்.

அழுகை வரலாம். எனக்கு அப்பா இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு சாதாரண காலையில், எந்த நினைவும் இல்லாமல் கண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். ஆனால் ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். முன்பு பெரும் அதிர்ச்சியைச் சந்தித்தவர்களுக்கும், கடும் பதற்றமோ மனச்சோர்வோ உள்ளவர்களுக்கும், கண்ணை மூடி அமைதியாக இருப்பதே பயத்தைக் கூட்டக்கூடும். மூச்சு முட்டுவதுபோலவோ பழைய காட்சிகள் திரும்புவதுபோலவோ இருந்தால் உடனே கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, சுற்றியுள்ள ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள். அன்றைக்கு அத்தோடு எழுந்துவிடலாம். திரும்பத் திரும்ப நடந்தால் மனநல மருத்துவரிடம் போங்கள். மருந்து எடுத்துக்கொள்பவர்கள் தியானத்தை நம்பி அதை நிறுத்தக் கூடாது.

இரவில் படுத்த பிறகு நான் மூச்சை எண்ணுவதில்லை. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய தசைத் தளர்வு முறையை எளிமையாகச் செய்கிறேன். பாத விரல்களை ஐந்து வினாடி இறுக்கிப் பிடித்து, சட்டென்று விட்டு, இருபது வினாடி அந்தத் தளர்வை உணர்வது. பிறகு கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள், முகம். இறுக்கத்தை ஒருமுறை முழுதாக உணர்ந்தால்தான் தளர்வு எப்படி இருக்கும் என்று தசைக்குப் புரிகிறது. வலி உள்ள இடத்தை இறுக்க வேண்டாம். பெரும்பாலான இரவுகளில் வயிற்றுக்கு மேலே நான் போவதில்லை, தூங்கிவிடுகிறேன்.

பகலிலும் ஓரிடம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கம், முடிந்தால் பேனாவை மூடி வைத்து மூன்று வெளிமூச்சு. உங்கள் வேலையிலும் அடிக்கடி வந்து முடிகிற ஏதாவது ஒன்று இருக்கும். தொலைபேசி அழைப்பு, ஒரு வகுப்பு, ஒரு பயணம். அது முடிகிற இடத்தில் மூன்று.

பலன் எப்போது தெரியும் என்று கேட்பார்கள். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஜின் தொடங்கிய தியானப் பயிற்சி இப்போது எட்டு வாரம் நடக்கிறது. நீங்களும் எட்டு வாரம் முடியும் வரை தீர்ப்பு எழுதாதீர்கள். என்னிடம் மாற்றத்தை முதலில் கண்டது நான் அல்ல, என் மகள்தான். “அம்மா, இப்பல்லாம் கூப்பிட்ட உடனே திரும்பிப் பாக்குற” என்றாள்.

அலாரம் அடித்ததும் துள்ளி எழ வேண்டாம். அதை நிறுத்திவிட்டு, கண்ணைத் திறக்காமல், கேட்கிற சத்தங்களை ஒருமுறை கேளுங்கள். விரல்களை அசையுங்கள். பிறகு கண்ணைத் திறந்து, அப்படியே இன்னும் ஒரு நிமிடம். ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டால் தொடர்ந்து செய்ய உதவும். அதில் தேதியும் நிமிடமும் மட்டும் எழுதுங்கள். நன்றாக இருந்தது, மோசமாக இருந்தது என்று பக்கத்தில் குறிக்கக் கை வரும். எனக்கு இன்றும் வருகிறது. அப்போது பேனாவை மூடிவிட்டு எழுந்துவிடுகிறேன்.