ஒரே ஒரு ‘எஸ்’ அட்டை

ஆங்கிலத்தில் ‘டஸ் ஷி ரீட்ஸ்?’ என்று தப்பாக எழுதும் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு ‘எஸ்’ அட்டை கொடுங்கள். ‘ஷி’, ‘ரீட்’, ‘டூ’ தனி அட்டைகள். ‘ஷி ரீட்ஸ்’ அடுக்கும்போது ‘எஸ்’ வினைச்சொல்லை ஒட்டியிருக்கும். கேள்வியாக்க ‘டூ’ முன்னால் வந்ததும் அதே அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைக்க வேண்டும்: ‘டஸ் ஷி ரீட்?’ (‘டூ’வுக்கு ‘ஈஎஸ்’ என்பதால் அட்டையின் பின்பக்கம் அதை எழுதிவிடுங்கள்.)

கையில் இரண்டாவது ‘எஸ்’ இல்லை, அந்தத் தப்பைச் செய்ய வழியும் இல்லை. தமிழில் ‘படிக்கிறாள்’ அப்படியே ‘படிக்கிறாளா’ ஆகிறது, வினை எதையும் இழப்பதில்லை. அந்தப் பழக்கம்தான் இங்கே இடறுகிறது. ‘டஸ் நாட்’ எதிர்மறைக்கும் இதே அட்டை போதும்.

‘இஸ்’, ‘கேன்’ வாக்கியங்களுக்கு ஆகாது. ‘ஹூ லிவ்ஸ் ஹியர்?’ போல ‘ஹூ’வே எழுவாயானாலும் ‘எஸ்’ நகராது.