விமான தூரமும் பயண நேரமும்: கணக்கு எங்கே இடறுகிறது?

டோக்கியோவில் மாலை 5 மணிக்குக் கிளம்பும் விமானம், அதே தேதி காலை 11 மணிக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்குகிறது. டிக்கெட்டை அப்படியே நம்பினால், கிளம்புவதற்கு 6 மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்தாயிற்று! நடுவில் சர்வதேசத் தேதிக் கோடு (தாண்டினால் தேதி மாறும் கற்பனைக் கோடு) இருப்பதால் வரும் கூத்து இது.

டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். அவற்றை நேரடியாகக் கழிப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. இரண்டையும் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். டோக்கியோ 9 மணி நேரம் முன்னால் இருக்கிறது, ஆக யுடிசி காலை 8. கோடையில் லாஸ் ஏஞ்சல்ஸ் 7 மணி நேரம் பின்னால், ஆக யுடிசி மாலை 6. பயணம் 10 மணி நேரம். குளிர்காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடும், டோக்கியோ தள்ளாது. ஜூலையில் போட்ட கணக்கை ஜனவரிக்குத் தூக்கிவராதீர்கள்.

சரி, தூரம்? தட்டையான உலகப் படத்தில் ஸ்கேலை வைத்தால் போச்சு. டோக்கியோவிலிருந்து நியூயார்க்குக்குப் படத்தில் பசிபிக்கின் குறுக்கே கோடு போடத் தோன்றும். ஒரு குளோபில் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், அது வடக்கே வளைந்து அலாஸ்கா பக்கம் போகும். அந்த வழி சுமார் 10,800 கி.மீ. படத்துக் கோட்டிலேயே பறந்தால் ஏறத்தாழ 2,000 கி.மீ. கூடிவிடும். இன்னொன்று: பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. என்பதால், எந்த இரு விமான நிலையங்களுக்கும் இடையே குறுக்குவழி 20,000 கி.மீ. அளவைத் தாண்டாது. தாண்டினால் அலகைப் பாருங்கள். கடல் மைல் 1.852 கி.மீ., சாதா மைல் 1.609 கி.மீ.

அப்புறம், தூரத்தை மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் வராது. காற்றும் வராது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் ஸ்ட்ரீம் ஒரு திசையில் தள்ளிவிடும், மறுதிசையில் முட்டும். அதனால்தான் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 7 மணி நேரம் போல ஆகும்போது, திரும்பி வர 8 மணி நேரம் வரை பிடிக்கிறது. 2020 பிப்ரவரியில் ஒரு பயணிகள் விமானம் பலத்த பின்காற்றோடு 5 மணி நேரத்துக்குள்ளேயே லண்டனை எட்டியது. போகும் நேரத்தை இரண்டால் பெருக்கி மொத்தப் பயணத்தைத் திட்டமிடுகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

பழைய அனுபவமும் நம்மைக் கைவிட்டுவிடலாம். 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், 9 மணி நேரம் போல இருந்த ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் 13 மணி நேரமாக நீண்டது. ஊர்கள் நகரவில்லை, வழிதான் மாறியது.

கடைசியாக ஒரு சொல் விவகாரம். ‘டைரக்ட்’ என்றால் நடுவில் நிற்காது என்று பொருள் அல்ல. அதே விமான எண்ணோடு ஓர் ஊரில் இறங்கி ஏறலாம். நிற்காமல் போவது ‘நான்-ஸ்டாப்’ மட்டும்தான்.