சிறிய எரிவாயு உலை: உள்ளளவைத் தீர்மானிக்கும் முறை

கொல்லுவேலையைப் புதிதாகக் கற்பவர்கள் எரிவாயு உலை கட்ட முனையும்போது முதலில் பர்னரைப் பற்றியே கேட்கிறார்கள். ஆனால் எந்த பர்னர் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது உலையின் உள்ளளவுதான். பெரிதாகக் கட்டினால் எல்லா வேலைக்கும் உதவும் என்று எண்ணி, 20 சென்றிமீற்றர் உள்விட்டத்தில் நான் கட்டிய முதல் உலை, நுவரெலியாவின் தை மாதக் குளிரில் இரும்பை மங்கிய சிவப்புக்கு மேல் கொண்டுபோகவில்லை. சிறிது நேரத்தில் சிலிண்டரின் வெளிப்புறத்தில் பனி பூத்து, சுவாலையும் ஒடுங்கிவிட்டது.

முதலாவது படி, செய்யப்போகும் பொருளை அளப்பது. அறுபது சென்றிமீற்றர் கம்பிக்கு அறுபது சென்றிமீற்றர் உலை தேவையில்லை. ஒரு சூட்டில் சம்மட்டியால் அடித்து முடிக்கக்கூடியது ஏறக்குறைய 15 சென்றிமீற்றர் நீளம் மட்டுமே என்பதால், அதற்கு மேல் சூடாகும் பகுதி வீண் எரிவாயுதான். பின்பக்கத்தில் ஒரு சிறு வாசல் வைத்தால் நீளமான கம்பி ஊடுருவிப் போய்விடும். ஆகவே நீளத்தை விட அகலமே முக்கியம். தேயிலைச் செடியை வெட்டும் வளைந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டால், அதைச் செய்ய எடுக்கும் லொறி ஸ்பிரிங் வளைக்காத பட்டையாக இருக்கும்வரை எந்த உலைக்குள்ளும் நுழையும். வளைத்த பிறகுதான் இடிக்கும். எனவே வளைவின் குறுக்களவையே அளந்துகொள்ளுங்கள். மண்வெட்டித் தகட்டுக்காக உலையைப் பெரிதாக்க வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த வேலையைக் கரி உலைக்கு விட்டுவிடலாம்.

இரண்டாவது படி, கனவளவைக் கணக்கிடுவது. 20 சென்றிமீற்றர் விட்டமுள்ள இரும்புக் குழாயின் உட்புறத்தில், வெப்பத்தைத் தாங்கும் 25 மில்லிமீற்றர் தடிப்புள்ள செராமிக் நார்ப் போர்வையை இரண்டு அடுக்காகச் சுற்றினால் உள்விட்டம் 10 சென்றிமீற்றராகும். நீளம் 25 சென்றிமீற்றர் எனில், ஆரையின் வர்க்கத்தை 3.14 ஆலும் நீளத்தாலும் பெருக்கும்போது ஏறக்குறைய 2 லீற்றர் வரும். அதே நீளத்தில் உள்விட்டத்தை 20 சென்றிமீற்றராக்கினால் கனவளவு இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகி 8 லீற்றரை நெருங்கும். என் முதல் உலை தோற்றது இந்தக் கணக்கில்தான்.

மூன்றாவது படி, பர்னரைப் பொருத்துவது. தானாகக் காற்றை இழுக்கும் அரை அங்குல பர்னர் ஒன்று சுமார் 2 லீற்றருக்கும், முக்கால் அங்குல பர்னர் ஒன்று சுமார் 5.7 லீற்றருக்கும் போதும் என்பது கொல்லர்களிடையே வழங்கும் பொதுக் கணக்கு. ஆனால் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கே என்பதால், அதே பர்னர் இழுக்கும் காற்றில் ஒட்சிசன் குறைவு; கணக்கின் உச்ச எல்லைவரை போகாமல் சற்றுச் சிறிதாகவே கட்டுவது நல்லது. மேலும், நமக்குக் கிடைக்கும் சமையல் எரிவாயு தனிப் புரொப்பேன் அன்று, பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் −42 பாகையில் கொதிக்க, பியூட்டேன் பூச்சியப் பாகைக்குச் சற்றுக் கீழேதான் கொதிக்கும். குளிரில் அது மெதுவாகவே ஆவியாவதால், பெரிய உலை கேட்கும் வேகத்துக்கு சிலிண்டர் ஈடுகொடுக்காது. ஆகையால் 2.3 கிலோ சிலிண்டரை விட 12.5 கிலோ சிலிண்டரே ஏற்றது. சிலிண்டரை நெருப்பால் சூடாக்கவே கூடாது. வீட்டு அடுப்பின் ரெகுலேட்டரும் இதற்குப் பயன்படாது. உயர் அழுத்த ரெகுலேட்டரும் அதற்குரிய குழாயும் வேண்டும்.

வாசல், பொருளும் குறடும் நுழையும் அளவில் இருந்தால் போதும். முற்றாக அடைத்தால் எரிந்த வாயு வெளியேற வழியின்றி பர்னர் திணறும். செராமிக் நார்த் துகள் நுரையீரலுக்குக் கேடு என்பதால், முகக்கவசம் அணிந்தே வெட்டி, பின்னர் மேற்பரப்பில் தீக்களிமண் பூச்சுப் பூசி மூடிவிடுங்கள். பழைய எரிவாயு சிலிண்டரை வெட்டி உலைக்கூடாக்க முயல வேண்டாம். உள்ளே தங்கிய வாயு வெடிக்கக்கூடும். குளிருக்கு அஞ்சி, தோட்டக் குடியிருப்பான லயத்துக் காம்பராவுக்குள் உலையை மூட்டவும் கூடாது. உலையிலிருந்து வரும் நச்சு வாயுவான கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.

குழாயை வெட்டும் முன், கடின அட்டையை நீங்கள் தீர்மானித்த உள்விட்டத்துக்குச் சுருட்டி மேசையில் வைத்து, பழைய கவ்வாத்துக் கத்தியைக் குறடால் பிடித்து உள்ளே விட்டுத் திருப்பிப் பாருங்கள். கத்தி நுழைந்தும் குறடு இடித்தால், விட்டத்தில் 2 சென்றிமீற்றர் மட்டும் கூட்டி, கனவளவை மறுபடியும் கணக்கிடுங்கள்.