ஒரே சிறுநீர் மாதிரி, இரண்டு டோஸ்

உடலுக்குள் போன கதிரியக்கப் பொருளால் வரும் டோஸை, சிறுநீர் போன்ற மாதிரிகளிலிருந்து கணக்கிடுவது எங்கள் வேலை. சமீபத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், ஆய்வகங்களுக்கிடையிலான ஒப்பீட்டுக் கணக்கைக் கொண்டுவந்தார். மற்ற ஆய்வகத்தின் விடையோடு பல மடங்கு வித்தியாசம். "டிடெக்டர்ல ஏதோ கோளாறு சார்" என்றார். ஒரு காலத்தில் நானும் இதையேதான் சொன்னேன். அலகைத் தப்பாக மாற்றுவது போன்ற சில்லறைப் பிழைகள் தானாகவே மாட்டிக்கொள்ளும். அவற்றை விட்டுவிடுகிறேன்; தானாக மாட்டாதவை இவை.

கரையும் வகையைக் கண்ணை மூடி எடுப்பது

மூச்சில் போன துகள் நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குப் போகும் வேகத்தை ஐ.சி.ஆர்.பி (சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம்) மூன்றாகப் பிரிக்கிறது: எஃப் வேகம், எம் நடுத்தரம், எஸ் மந்தம். புளூட்டோனியம்-239-க்கு அதன் 68-ஆம் வெளியீடு, 5 மைக்ரான் துகள் என்றால், எம் வகையில் உள்ளே போகும் ஒரு பெக்கரலுக்கு (கதிரியக்க அளவின் அலகு) 32 மைக்ரோசீவெர்ட் (டோஸின் அலகு) தருகிறது; எஸ் வகையில் 8.3. இதுதான் டோஸ் காரணி. சரி, பெரியதை எடுத்தால் வம்பில்லை என்று நான் எம் போட்டேன்.

அங்கேதான் கோட்டை விட்டேன். உள்ளே போன அளவு நம் கையில் இல்லை. சிறுநீரில் வந்த சில மில்லிபெக்கரல்தான் இருக்கிறது. எஸ் வகைத் துகள் நுரையீரலிலேயே உட்கார்ந்துகொள்ளும், சிறுநீருக்கு வருவது மிகச் சொற்பம். அதே மில்லிபெக்கரல் வர வேண்டுமென்றால் பல மடங்கு அதிகமாக உள்ளே போயிருக்க வேண்டும். காரணி நாலில் ஒன்றாகக் குறைந்தும், டோஸ் எஸ் வகையில்தான் பெரிதாக வரும்.

இது புரியாமல் மூன்று வாரம் டிடெக்டரோடு, அதாவது ஆல்ஃபா நிறமாலைமானியோடு, மல்லுக்கட்டினோம். மாதிரியில் தெரிந்த அளவில் சேர்த்த புளூட்டோனியம்-242 டிரேசர் எவ்வளவு மீண்டது என்று மறுபடி மறுபடி பார்த்தோம். "அதிக வெப்பத்தில் சுட்ட ஆக்சைடு" என்ற வரி சம்பவ அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருந்தது. எஸ் வகை என்று அது கத்திக்கொண்டிருந்தது, ஒருவரும் படிக்கவில்லை. நினைத்தால் இன்றும் எரிச்சல்தான்.

வேதி வடிவத்தை எழுதி வாங்குங்கள். ஆரம்ப நாட்களின் மல மாதிரியையும் கேளுங்கள். மலத்துக்கும் சிறுநீருக்கும் உள்ள விகிதம் பெரும்பாலும் வகையைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம், புதியவரின் கோப்பைத் திறந்தேன். எம்.

உட்கொண்ட நாள்

நாள் தெரியாவிட்டால் கண்காணிப்பு இடைவெளியின், அதாவது இரண்டு அளவீடுகளுக்கு இடைப்பட்ட காலத்தின், நடுநாளைப் போடுவோம். தெரிந்தும் அதையே போடுவதுதான் தவறு. இடைவெளி 14 நாள், அயோடின்-131 கசிந்தது தைராய்டை அளந்ததற்கு முந்தைய நாள் என்றால், நடுநாள் கணக்கு டோஸை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏற்றிவிடும்.

இரண்டு தலைமுறை மாடல்களைக் கலப்பது

2019-இல் வந்த ஐ.சி.ஆர்.பி 141-ஆம் வெளியீட்டின் வெளியேற்றப் பின்னத்தோடு (உள்ளே போனதில் எவ்வளவு பங்கு சிறுநீரில் வரும் என்பது) 68-இன் டோஸ் காரணி. வேண்டாம்.

கண்டறியும் வரம்புக்குக் கீழே

பூஜ்யம் என்று எழுதாதீர்கள். வந்த எண்ணையும் வரம்பையும் அப்படியே அனுப்புங்கள்.